குசினியில் கடை, மடியில் பிள்ளை: இன்றே செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் போங்கள். இல்லாவிட்டால் ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை மேட்டுக்கு ஏறுங்கள். எந்தத் தோட்டத்திலும் லயத்துக்கு ஒரு வீட்டு வியாபாரமாவது இருக்கும். ஒரு காம்பராவில் தையல் மெஷின், அடுத்ததில் இடியப்பம், கடைசிக் காம்பராவில் கேக். செய்கிறவர்களில் பலர் கைப்பிள்ளைக்காரிகள். கொழுந்து மலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை; கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போக மனம் இல்லை. அதனால் குசினியிலேயே கடை.

இதில் சூடுபட்டவர்கள் பலரைப் பார்த்தாயிற்று. முறுக்கு மொறுமொறுப்பாக வராததால் படுத்துப்போன வியாபாரம் ஒன்றுகூட இல்லை. கிழமைக் கடன், எழுதாத கணக்கு, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் தவழ்ந்த பிள்ளை. இந்த மூன்றில் ஒன்றுதான் ஆளைக் கவிழ்த்திருக்கிறது. மூன்றையும் தடுக்கலாம், பெரிய செலவும் இல்லை. கீழே இருப்பதைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு பட்டியலிலும் இரண்டையாவது இன்றைக்கே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் பிள்ளையின் நேரத்தை எழுதுங்கள், பிறகு வேலையை எழுதுங்கள். பால் கொடுக்கும் நேரம், பகல் தூக்கம், முன்பள்ளி விடும் நேரம், கிளினிக் நாள், இவை அசையாது. இவற்றுக்கு நடுவில் மிஞ்சுவதுதான் உங்கள் கடை நேரம். ஒரு வயதுப் பிள்ளை இருந்தால் அது நாளைக்கு மூன்று மணித்தியாலம் கிடைத்தாலே பெரிது. மூன்று மணித்தியாலத்தில் முடிகிற ஓடரை மட்டும் பிடியுங்கள்.

2. நடுவில் விட்டுவிட்டு எழும்பக்கூடிய தொழிலாகத் தெரிவு செய்யுங்கள். பிள்ளை அழுதால் தையலைப் பாதியில் நிறுத்தலாம், மிளகாய்த்தூளைப் பைக்கெட்டில் அடைப்பதை நிறுத்தலாம். கொதிக்கிற எண்ணெயை நிறுத்த முடியாது. பிள்ளை தவழ்ந்து ஓடும் வயது முடியும்வரை நெருப்பில்லாத வேலை செய்யுங்கள். வடைச் சட்டியைப் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஏற்றிக்கொள்ளலாம்.

3. பிள்ளைக் காம்பராவில் இடம் கேளுங்கள். உங்களை வளர்த்த அதே பிள்ளைக் காம்பராவுக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்; பல தோட்டங்களில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார். மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைக்குத்தான் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு திரும்பி வராதீர்கள். வீட்டில் யாருடைய பெயராவது செக்ரோலில் இருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

4. பிள்ளையைப் பார்க்கிற அப்பாயிக்கோ அம்மாயிக்கோ இலாபத்தில் ஒரு பங்கு கொடுங்கள். சும்மா பார்க்கச் சொன்னால் ஒருநாள் முழங்கால் வலிக்கும், இன்னொரு நாள் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கும். கிழமைக்கு ஒரு தொகை கையில் வைத்தால் அது வேலையாகிவிடும், உங்களுக்கும் நிச்சயம் இருக்கும். அந்தக் காசையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

5. வேலை செய்யும் மூலைக்கு ஒரு தடுப்புப் போடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தனி அறை கேட்க முடியாதுதான். ஆனால் பிள்ளையின் மார்பு உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்புப் போட முடியும். அடுப்பைத் தரையிலிருந்து திண்ணைக்கு ஏற்றுங்கள். சட்டியின் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். ஊசி, பொத்தான், கத்தரிக்கோல் எல்லாம் மூடியுள்ள டப்பாவில் போகட்டும்.

6. சுட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் இன்றே சொல்லிக் கொடுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர். பற்பசை, பட்டர், மை எதுவும் பூசக்கூடாது. பிறகு சுத்தமான துணியால் மூடி, 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். அந்த இலக்கத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். பதறும்போது போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

7. மின் வயரை ஒரு இலெக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். பழைய லயத்துக் கூரைக்குக் கீழே ஓடும் வயர் ஒரு பல்புக்கும் ரேடியோவுக்கும் போட்டது. அதில் ஓவன், மிக்சி, அயன் என்று ஏற்றினால் சூடாகி உருகும். ஒரு காம்பராவில் பற்றினால் லயம் முழுக்கப் போகும். உங்கள் கேக்குக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகமும் எரிய வேண்டாம்.

8. வீட்டுக் காசுக்கு ஒரு டின், கடைக் காசுக்கு ஒரு டின் வையுங்கள். கடை டின்னிலிருந்து வீட்டுக்கு எடுத்தால், எடுத்த தொகையைக் கொப்பியில் எழுதுங்கள். கிழமை முடிவில் உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு, சாமானுக்கு மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டும் கலந்தால் வியாபாரம் ஓடுவதுபோலத் தெரியும், மா வாங்கும் நாளில் காசு இருக்காது.

9. விலையில் உங்கள் உழைப்பையும் சேருங்கள். மா, எண்ணெய், விறகு, பை, பஸ் காசு எல்லாம் கூட்டிவிட்டு இலாபம் என்று சொல்கிறோம். நம் கூலியை விட்டுவிடுகிறோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 170 ரூபா. மூன்று மணித்தியாலத்தில் 60 பைக்கெட் முறுக்குச் சுட்டால் உங்கள் கூலி 510 ரூபா, பைக்கெட்டுக்கு எட்டரை ரூபா. இன்று உங்கள் தோட்டத்தில் என்ன நாட்சம்பளமோ அதை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த எட்டரை ரூபா விலைக்குள் இல்லாவிட்டால் நீங்கள் விற்பது முறுக்கல்ல, உங்கள் தூக்கம்.

10. லோன் என்று யார் வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? 50,000 ரூபா வாங்கி, கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 65,000. இதை 30 வீத வட்டி என்பார்கள். ஆனால் ஆறாம் மாதத்தில் பாதி முதலைத் திருப்பிவிட்டீர்கள். வட்டி மட்டும் முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 54 வீதம். கிழமைக்கு 1,250 தானே என்று நினைக்காமல் 65,000 என்று நினையுங்கள்.

11. சீட்டிலோ சேமிப்பிலோ முதலைச் சேர்த்துத் தொடங்குங்கள். தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து, எழுத்தில் கொப்பி வைத்துப் பிடிக்கிற சீட்டு நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. உங்கள் முறை வரும்போது மெஷின் வாங்குங்கள். காத்திருக்கும் அந்த மாதங்களில் கையூசியால் பொத்தான், ஓரம், கிழிசல் தைத்துக் கொடுத்து வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

12. பெரிய ஓடருக்குப் பாதிக் காசை முன்கூட்டி வாங்குங்கள். பிறந்தநாள் கேக்கோ, சடங்கு வீட்டுப் பலகாரமோ, பள்ளிச் சீருடையோ, சாமான் செலவாவது கையில் வரட்டும். சொந்தக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், “கடைக்காரர் சாமானுக்குக் காசு கேட்கிறார் அத்தை” என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

13. சம்பள நாளையும் காற்றையும் பார்த்துச் சரக்குப் போடுங்கள். 10ஆம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு ஒரு கிழமை விற்கும், மாதக் கடைசியில் படுக்கும். தீபாவளி முற்பணம், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு ஆகியவை உங்கள் அறுவடை. ஊவாவில் கச்சான் அடிக்கிற ஜூலை, ஆகஸ்டில் வற்றல், வடகம் நன்றாகக் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களுக்கு வேறு சாமான் யோசித்து வையுங்கள்.

14. பெயரைப் பதிவு செய்யுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு செய்யலாம். பதிவுத்தாள் இருந்தால் வங்கியில் கணக்குத் திறக்கலாம், டவுன் கடைக்குச் சரக்குப் போடலாம், கண்காட்சியில் மேசை கேட்கலாம். வரி வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி.

15. உணவு விற்றால் பி.எச்.ஐ.யை நீங்களே போய்ச் சந்தியுங்கள். அவர் வந்து பிடிப்பார் என்று ஒளிந்திருப்பதைவிட, “என்ன செய்ய வேண்டும் சேர்?” என்று கேட்பது மலிவு. பைக்கெட்டில் பெயர், உள்ளடக்கம், எடை, செய்த திகதி, முடியும் திகதி, உங்கள் பெயர், விலாசம் இருக்கட்டும். தோட்டத்துப் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள்.

16. தாவாரத்தை இறக்கிக் கட்டும் முன் தோட்ட ஆபீசில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பெரும்பாலான லயக் காம்பராக்களுக்கு நம்மிடம் உறுதி இல்லை. கடன் வாங்கித் தகரமும் மரமும் போட்டபின் கழற்றச் சொன்னால், கழற்றிய தகரம் உங்களுக்கு, கடனும் உங்களுக்கு.

17. வயதான காலத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மலைக்குப் போனபோது உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போனது. வீட்டு வியாபாரத்தில் அதைப் போட ஆளில்லை. சுயதொழில் செய்கிறவர்களுக்கென்று இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகத்துக்குப் போகும் அதே நாளில் அதையும் விசாரியுங்கள்.

18. ஒரு பையைக் கட்டிக் கதவோரம் தொங்கவிடுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் புத்தகம், வங்கிப் புத்தகம், வியாபாரப் பதிவு, கணக்குக் கொப்பி எல்லாம் பொலித்தீனில் சுற்றி உள்ளே இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மலைகளை மறுபடி சரித்தது. ஓட வேண்டிய நேரத்தில் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அந்தப் பை.

செய்யக்கூடாதவை

1. பிள்ளை தூங்கும் நேரத்தையெல்லாம் விற்றுவிடாதீர்கள். இரவு பன்னிரண்டுக்கு மாவரைத்து, நான்கு மணிக்கு இடியப்பம் பிழிகிறவர் ஒரு மாதம் தாங்குவார், இரண்டாம் மாதம் அடுப்படியில் தூங்கி விழுவார். கிழமையில் ஒரு நாளை முழுசாக விடுங்கள். கடைக்கும் பூட்டு வேண்டும்.

2. போனைப் பிள்ளைக் காம்பரா ஆக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரு சட்டியும் அகப்பையும் கொடுத்தால் பிள்ளை அரை மணித்தியாலம் விளையாடும். சத்தம் வரும், பரவாயில்லை. சத்தம் வரும்வரை பிள்ளை எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

3. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள். “இன்றைக்கு ஒருநாள் தம்பியைப் பார்த்துக்கொள்” என்பதில்தான் தொடங்கும், பெரும்பாலும் அது பெண்பிள்ளையாகத்தான் இருக்கும். 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக உயர்த்திச் சட்டம் வந்தது. சட்டத்தைவிடப் பெரிய விஷயம், அந்தப் பிள்ளை படித்தால்தான் அடுத்த தலைமுறை லயத்தை விட்டு இறங்கும். பின்னேரம் லேபல் ஒட்ட அரை மணித்தியாலம் கூப்பிடுங்கள், அதோடு போதும்.

4. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டியை நெருங்காதீர்கள். ஒரு கை பிள்ளையிடம், ஒரு கை கரண்டியிடம் இருந்தால், பிள்ளை துள்ளும்போது இரண்டு கையும் உங்களுடையது அல்ல. பிள்ளையைப் பிடிக்க ஆள் வரும்வரை அடுப்பை அணைத்து வையுங்கள். பிந்திப்போன வடைக்கு வாடிக்கையாளர் முணுமுணுப்பார், வேறொன்றும் நடக்காது.

5. மண்ணெண்ணெயையும் கோஸ்டிக் சோடாவையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது தண்ணீர் அல்லது பானம். சவர்க்காரம் செய்கிறவர்கள், விளக்குக்கு எண்ணெய் வைப்பவர்கள், தோட்டத்துக் களைநாசினிப் போத்தலைக் கழுவி வைத்திருப்பவர்கள், இன்றே அவற்றை உயரத்தில் பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

6. காஸ் சிலிண்டரைப் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடித்ததை நாம் மறக்கவில்லை. ரெகுலேட்டரையும் குழாயையும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. இரவில் சிலிண்டரின் வாயை மூடிவிட்டுத்தான் பாய் விரிக்க வேண்டும்.

7. கடனை அடைக்கக் கடன் வாங்காதீர்கள். செவ்வாய்க்கிழமைச் சென்டருக்குக் கட்ட வியாழக்கிழமைக் கம்பனியில் வாங்கி, அதைக் கட்ட இன்னொன்று என்று போனால், கிழமையின் ஏழு நாளும் யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். ஒரு தவணை தவறினால் போய் நேரே பேசுங்கள். உரிமம் பெற்ற நிறுவனமானால் அதன்மேல் முறையிட மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது. உரிமம் உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தபிறகும் உரிமம் இல்லாமல் கொடுப்பவர்கள் மலைக்கு ஏறத்தான் செய்கிறார்கள்.

8. வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், “பிள்ளையின் டீச்சரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். இன்றே போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால் அதுவே உங்களுக்குப் பதில். குழுக் கடனில் உங்கள் கையெழுத்து மற்றவரின் கடனுக்கும் பிணை. அவர் கட்டாவிட்டால் உங்கள் முறுக்குக் காசு போகும்.

9. உங்கள் பெயரில் இன்னொருவருக்கு லோன் எடுத்துக் கொடுக்காதீர்கள். கேட்பவர் சொந்த மாமியாக இருந்தாலும் தாளில் இருப்பது உங்கள் அடையாள அட்டை இலக்கம். கட்டாமல் போனால் கடன் தகவல் பணியகத்தில், கிரிப் என்கிறார்களே அதில், உங்கள் பெயர்தான் கறுக்கும். நாளைக்கு நல்ல வங்கியில் நியாயமான வட்டிக்கு நீங்கள் கேட்கும்போது கதவு மூடியிருக்கும்.

10. அஸ்வெசும காசையும் தாலியையும் முதலாகப் போடாதீர்கள். முதலாவது பிள்ளைகளின் சாப்பாடு, இரண்டாவது ஆபத்துக்கு உள்ள கடைசிக் கதவு. நாலு மாதம் சிறிதாக ஓடி, கொப்பியில் இலாபம் தெரிந்தபின் பெரிதாக்குங்கள். அடகுக் கடையில் தொடங்கிய வியாபாரம் வட்டி கட்டவே ஓடும்.

11. லயத்துக்குள் எல்லை இல்லாமல் கடனுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த காம்பராக்காரரிடம் போய்க் காசு கேட்க முடியாது, கேட்காமல் மா வாங்கவும் முடியாது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்து, அதைச் சுவரில் எழுதுங்கள். சம்பள நாளில் தீர்த்தால்தான் அடுத்தது. சுவர் சொன்னால் உறவு கெடாது.

12. ஒரே கடையை, ஒரே தரகரை நம்பாதீர்கள். பதுளை டவுனில் ஒருவர் எல்லாவற்றையும் எடுக்கிறார் என்றால் விலையும் அவருடையது, காசு தரும் நாளும் அவருடையது. பள்ளிக்கூடக் கன்டீன், பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தை, எல்லப் பக்கத்துத் தங்குமிடங்கள், பக்கத்துத் தோட்டத்துச் சில்லறைக் கடை என்று மூன்று வாசலாவது வைத்திருங்கள்.

13. பழைய பத்திரிகையிலும் பரீட்சைத் தாளிலும் வடையைச் சுற்றிக் கொடுக்காதீர்கள். எண்ணெயில் மை கரைந்து வடையோடு வயிற்றுக்குள் போகிறது. வாழையிலைத் துண்டு இருக்கிறது, உணவுக்கென்று விற்கும் தாளும் இருக்கிறது. வாங்குவது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டால் ஒரு ரூபா கூடுவது பெரிதாகத் தெரியாது.

14. வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டமோ வாந்தியோ இருந்தால் விற்பதற்குச் சமைக்காதீர்கள். பிள்ளையின் துணியை மாற்றிய கைதான் மாவைப் பிசைகிறது. இரண்டு நாள் விற்பனை போனால் அடுத்த கிழமை பிடித்துவிடலாம். “அவர் வீட்டுச் சாப்பாட்டில் வயிறு கெட்டது” என்ற பேச்சு லயம் முழுக்கச் சுற்றினால் பிடிக்க முடியாது.

15. போனில் வரும் ஓ.டி.பி. இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், பிள்ளையின் படத்தை விளம்பரத்தில் போடாதீர்கள். “பெரிய ஓடர் தருகிறேன், காசு அனுப்ப இலக்கம் வருகிறது, சொல்லுங்கள் அக்கா” என்று கேட்கிறவர் காசு அனுப்ப வரவில்லை, எடுக்க வருகிறார். வட்ஸ்அப்பில் தைத்த கவுனைக் காட்ட ஹேங்கர் போதும். பிள்ளையின் முகம், பள்ளிச் சீருடை, தோட்டத்தின் பெயர் மூன்றையும் சேர்த்து ஊருக்குக் காட்ட வேண்டாம். யாராவது பிள்ளையைத் தொந்தரவு செய்தால் 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

16. கடனையும் நட்டத்தையும் வீட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள். அவர் கோபப்படுவார் என்ற பயத்தில் ஒளித்த 20,000, தெரியவரும்போது 80,000 ஆகியிருக்கும். அதேபோல அவரையும் வேலையிலிருந்து ஒளித்து வைக்காதீர்கள். சாமான் தூக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, கொப்பி எழுத அவருக்கும் கை இருக்கிறது. அடித்தோ மிரட்டியோ காசைப் பிடுங்கினால் 1938 மகளிர் உதவி இலக்கம்.

17. “வெளிநாடு போய் அடைத்துவிடலாம்” என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். கைப்பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக அரசு விதியே தடை. 2013இல் பிள்ளைக்கு 5 வயது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள், 2022இல் அதை 2 ஆகக் குறைத்தார்கள். பிள்ளையைவிட்டுப் போகக்கூடாது என்றுதானே குசினியில் கடை போட்டீர்கள்? அந்தக் கடையின் கடனுக்காகவே போக நேர்ந்தால் தொடங்கியதன் பொருளே போய்விடும்.

18. மண்சரிவு எச்சரிக்கை வந்தபின் சாமானுக்காக நிற்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாகச் சொல்கிறது. சிவப்பு என்றால் இடத்தைவிட்டு உடனே போக வேண்டும். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் பீலித் தண்ணீர் கண்டால் எச்சரிக்கைக்கும் காத்திருக்காதீர்கள். மெஷினை மறுபடி சீட்டுப் பிடித்து வாங்கலாம்.

இன்றிரவு பிள்ளை தூங்கியதும் ஒரு 80 பக்கக் கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில் நான்கு வரி போதும்: இந்தக் கிழமை வந்த காசு, போன காசு, நான் வேலை செய்த மணித்தியாலம், நான் கட்ட வேண்டிய மொத்தக் கடன். அந்த நான்கையும் கூசாமல் எழுத முடிந்தால் உங்கள் கடை ஓடும். நான்காவது வரியில் பேனா தயங்கினால், நாளைக் காலை மாவைக் கரைக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.